ஜன்னல் ஆணியில் தொங்கிய லாடங்கள்

தம்பி வீட்டை விட்டுப் போன அன்றைக்கும் சிலுப்பி தலையைச் சிலுப்பிக்கொண்டுதான் நின்றாள். அந்தக் குதிரைக்குப் பெயர் வந்ததே அதனால்தான். தீனி வைத்தால் ஒரு சிலுப்பு, தண்ணீர் வைத்தால் ஒரு சிலுப்பு, பிடிக்காத ஆள் தெருவில் போனால் இரண்டு சிலுப்பு. அன்றும் சிலுப்புக்குக் குறைவில்லை, கால்தான் சரியில்லை. முன்னங்கால் இரண்டையும் நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னால் தள்ளி, சுடுதரையில் வெறுங்காலோடு மாட்டிக்கொண்டவளைப் போல நின்றாள். இடது முன்னங்குளம்பில் ஒரு வெடிப்பு தரையிலிருந்து கிளம்பி, ரோமம் ஆரம்பிக்கிற விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் ஏறியிருந்தது.

லாடக்காரர் அந்தக் காலைத் தொடைகளுக்கு நடுவே வாங்கி லாடத்தைக் கழற்றினார். அடுத்த காலிலும் கழற்றினார். இரண்டையும் மனைவியின் தம்பி கையில் கொடுத்துவிட்டு நிமிர்ந்தார். அவருக்குக் கோபம் வந்தால் இரும்பும் ஒன்றுதான், ஆளும் ஒன்றுதான். சூடு ஆறுவதற்குள் அடித்துவிட வேண்டும்.

"பாரத்தோட தார் ரோட்ல ஓட்டாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? காது என்ன பூட்டுப் போட்டு வச்சிருக்கியா?"

"ஓட்டலைன்னு சொல்லல மாமா. மழையில மண் பாதை முழுக்கச் சேறாக் கெடந்துச்சு. அந்தக் கொஞ்ச நாளு ரோட்டு வழியாப் போனேன். அதுக்காக..."

"அதுக்காகத்தான் இது! பாரு. நல்லாப் பாரு. வாயில்லாத ஜீவன், உன்ன நம்பித்தானே காலு வச்சுச்சு?"

கூட்ஸ் ஷெட்டில் மூட்டை இறக்குகிற ஆட்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். லாடக் கொட்டகை தெருவின் கடைசியில், கூட்ஸ் ஷெட் சுவரை ஒட்டி இருந்தது. அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு வீடு. அடுப்படி ஜன்னல் கொட்டகைக்குள்தான் திறக்கும். லாடக்காரர் மனைவிக்குச் சமையலும் தொழிலும் ஒரே ஜன்னலில். குழம்பு வாசனையும் குளம்பு கருகிய வாசனையும் கலந்துதான் அந்த வீட்டில் சாப்பாடு. தெருவே அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டது. உண்மையில் அவள் அக்காவாக இருந்தது ஒருத்தனுக்குத்தான். அவன்தான் இப்போது கையில் இரண்டு லாடத்தோடு தலைகுனிந்து நின்றான்.

அம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். கல்யாணமாகி வந்தபோது அவனும் கூடவே வந்தான். "பொண்ணோட ஒரு பெட்டியும் ஒரு மாப்ளையும் வந்துச்சு. பெட்டிய எப்பவோ எலி கடிச்சிருச்சு, மாப்ள மட்டும் பத்திரமா இருக்கான்" என்று லாடக்காரர் சிரிப்பார். அந்த மாப்ளைதான் மூட்டை தூக்கிச் சிறுகச் சிறுகச் சேர்த்துச் சிலுப்பியைக் குட்டியாக வாங்கினான். வண்டி கட்டப் பழக்கினான். ரயிலில் வருகிற சரக்கைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். குதிரை அவனுடையது, குளம்பு மாமாவுடையது என்பதுதான் வீட்டு ஏற்பாடு.

தம்பி இரண்டு லாடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். பிறகு ஒரு அடி முன்னால் வந்தான்.

"மாமா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்..."

"வாய மூடுறா!" ஜன்னலிலிருந்து அக்காதான் கத்தினாள். "செய்யிறதையும் செஞ்சுட்டு இன்னும் என்ன பேச்சு? அவரு தொழில் அவருக்குத் தெரியாதா? தப்பு உம்மேல வச்சுக்கிட்டு எதிர்த்து எதிர்த்துப் பேசுற!"

அவள் கத்தியது பேச்சை முடித்து வைக்கத்தான். ஊர் பார்க்கிறது, அடுப்பில் பருப்பு பொங்குகிறது, இவன் இன்னும் ஒரு வார்த்தை பேசினால் அவர் இன்னும் நாலு வார்த்தை பேசுவார். அவ்வளவுதான் அவள் கணக்கு. பேச்சு முடிந்துவிட்டது. தம்பி வாயை மூடிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தான். ஜன்னல் சட்டத்தில் அவள் பிடிதுணி மாட்டுகிற ஆணியில் இரண்டு லாடங்களையும் மாட்டினான். அவள் முகம் ஒரு முழத் தூரத்தில் இருந்தது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. உள்ளே போய்த் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்து, போய்ட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் போனான். சாயங்காலம் திரும்பிவிடுவான் என்று அவனுக்கும் சேர்த்து ரொட்டி சுட்டு வைத்திருந்தாள். அது காய்ந்து, மறுநாள் சிலுப்பி தின்றாள்.

பல நாள் கழித்துப் போன் வந்தது. வேறொரு ஊரில் பிஸ்கட் கம்பெனியில் பெட்டி அடுக்குகிறானாம். "நல்லாருக்கேன்கா. சாப்பாடு பரவால்லக்கா. ரூம் இருக்குக்கா." எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. சிலுப்பியைப் பற்றி மட்டும் அவன் கேட்கவே இல்லை. அது அக்காவுக்கு உறைத்தது. பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்ததை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டானா என்று ஆத்திரப்பட்டாள். கேட்கப் பயந்திருப்பான் என்று அப்போது தோன்றவில்லை.

தோல் மண்டிக்காரர் ஒருநாள் சும்மா அந்தப் பக்கம் வந்தவர் போல வந்தார். அவர் எங்கேயும் சும்மா வருகிறவர் இல்லை. சிலுப்பியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"நாலு காலுல நிக்கும்போதே குடுத்துருங்கம்மா. படுத்துட்டா தூக்குறதுக்கு ஆளு தேடணும்."

"அது என் தம்பி குதிரை. அவன் வந்து எங்கேன்னு கேட்டா என் தோலையா உரிச்சுக் காட்டுறது?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்மா."

"நானும் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். போய்ட்டு வாங்க."

அவர் போனார். ஆனால் லாடக்காரர் அவரைத் திட்டவில்லை என்பதை அக்கா கவனித்தாள். அன்றைக்கே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். இந்தக் குதிரை நடக்க வேண்டும். நடந்தால் தம்பி வருவான். வண்டி வாசலில் நிற்கும், அவன் செருப்பு வாசலில் கிடக்கும், பழையபடி ஆகிவிடும். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை.

"ஆணி அடிச்சா இந்தக் குளம்பு தாங்காது," என்றார் லாடக்காரர். "லாடமே வேணாம். வெறுங்கால்ல விட்டு, கொஞ்சம் கொஞ்சமாச் சீவிச் சீவி நேராக் கொண்டு வரணும். மேலருந்து புதுக் குளம்பு எறங்கி வந்து அந்த வெடிப்பைக் கீழ தள்ளணும். ஒரு வருஷம் ஆகும். ஆனா ஆகும்."

"அப்ப ஆரம்பிங்க."

ஆரம்பிக்கத்தான் போனார். அந்த வாரம் பார்த்து யாரோ கொண்டுவந்த கோவேறு கழுதை ஒன்று அவர் வலது மணிக்கட்டில் உதை விட்டது. எலும்பு இரண்டு இடத்தில் போனது. கட்டுப் போட்டுக்கொண்டு கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்துவிட்டார். வருகிற குதிரைகளுக்கு வேறு கொட்டகைக்கு வழி சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது. அதில் அவருக்கு வலி கையை விட அதிகம்.

அப்போதுதான் அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அரத்தை எடுத்தாள். இடது கையால்.

அவள் எதையும் இடது கையால் செய்கிறவள். சின்ன வயதில் அந்தக் கையை முதுகோடு சேர்த்துக் கட்டிப் பார்த்தார்கள். அவிழ்த்ததும் அதே கைதான் வந்தது.

"பீச்சாங்கையால அரம் பிடிச்சு நான் எங்கயும் பார்த்ததில்ல."

"இன்னிக்குப் பாருங்க."

"காலைத் தொடைக்கு நடுவுல வாங்கு. குதிரை வாலப் பார்த்து நில்லு. ஆங்... முழங்காலை மடக்கு, இல்லேன்னா இடுப்பு போயிரும். இப்ப அடியில பாரு. ஓரத்துக்கு உள்ள வெள்ளையா ஒரு கோடு சுத்தி வருதா?"

"வருது."

"அதைத் தாண்டி உள்ள போகாதே. அங்க உசுரு இருக்கு. நடுவுல முக்கோணமா மெத்து மெத்துன்னு இருக்கே, அதுலயும் கை வைக்காதே. அதுதான் அவளுக்குச் செருப்பு. ஓரம் மட்டும் எடு. தள்ளு. தள்ளுன்னா தேய்க்கிறியே, பாத்திரம் வெளக்குற மாதிரி!"

"பரவால்லையே, பாத்திரம் எப்படி வெளக்குறதுன்னு தெரிஞ்சு வச்சிருக்கீங்க. இத்தனை வருஷமா ஒரு டம்ளரக்கூட கழுவினதில்லையேன்னு பார்த்தேன்."

சிலுப்பி சிலுப்பினாள்.

வெடிப்பின் கீழ் முனையில் ஓரத்தைக் கொஞ்சம் உருட்டிவிட்டாள், தரை நெம்பாதபடி. மற்ற இடங்களில் சும்மா வழித்தாள். அரத்தின் பற்களில் குளம்புத் தூள் தேங்காய்த் துருவல் போல அடைந்தது. அரை மணி நேரத்தில் அவள் தோள்பட்டை இற்றுப்போயிற்று. எழுந்து நின்று பார்த்தால் எதுவுமே செய்த மாதிரி தெரியவில்லை.

"அவ்வளவுதான். இன்னிக்கு இது போதும்," என்றார் அவர். "ஒரே நாளுல நேராக்கணும்னு எறங்கினா அவ நிக்கவே மாட்டா. இத்தனை நாளு கோணலா நின்னு பழகின எலும்பு. அதுக்கும் நேரம் குடுக்கணும்."

இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருதரம் அது நடந்தது. வெயில் காலத்தில் குளம்பு கல்லாகிவிடும். முந்தின நாளே ஈரச் சாக்கைச் சுற்றி வைப்பாள். மழைக்காலத்தில் சோப்புக் கட்டி மாதிரி மெத்தென்று ஆகிவிடும், கை தவறினால் அதிகமாகப் போய்விடும். கூட்ஸ் ஷெட்டில் சிந்திய மணலைக் கூடை கூடையாக வாரிவந்து கொட்டகை மூலையில் கொட்டி, சிலுப்பிக்கு ஒரு படுக்கை போட்டாள். காலையில் ரொட்டி சுட்டு இறக்கியதும் சந்துக்குள் அவளைக் கையில் பிடித்து ஒரு நடை. முதலில் கதவு வரை. அப்புறம் குழாயடி வரை. இவள் பேசிக்கொண்டே போவாள், அவள் தலையை ஆட்டிக்கொண்டே வருவாள். பார்த்தவர்களுக்கு இரண்டு பெண்பிள்ளைகள் வம்பு பேசிப் போவது போலிருக்கும்.

நடுவில் லாடக்காரர் ஒன்றை மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். "கோணலா எடுக்கிற. எப்பப் பாரு குதிரைக்கு இடப்பக்கமே ஜாஸ்தி போகுது உனக்கு."

"என் கண்ணுக்கு அந்தப் பக்கந்தான் ஒசரமாத் தெரியுது."

"பீச்சாங்கைக்காரிக்குக் கண்ணும் பீச்சாங்கண்ணு."

ஆனால் ரோமத்துக்குக் கீழே புதுக் குளம்பு இறங்க ஆரம்பித்தது. பழசுக்கும் புதுசுக்கும் நடுவே விரலால் தடவினால் தெரிகிற ஒரு வரப்பு. அதற்கு மேலே வெடிப்பில்லை. வரப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்தது. சிலுப்பி காலை நீட்டி நிற்பதை விட்டாள். ஒருநாள் குழாயடியிலிருந்து திரும்பும்போது கயிற்றை இழுத்துக்கொண்டு அவளாகவே நாலு எட்டு ஓடினாள். அக்கா கயிற்றை விட்டுவிட்டு நடுச்சந்தில் உட்கார்ந்து சிரித்தாள்.

மாவு வண்டிக்காரர் அதைப் பார்த்தார். கூட்ஸ் ஷெட்டிலிருந்து ரொட்டிக் கடைகளுக்கு மாவு ஏற்றுகிறவர். தலை, மீசை, புருவம் எல்லாம் எப்போதும் வெள்ளை. அவருடைய சாம்பல் குதிரையும் லாடக்காரரிடம்தான் வரும்.

"ஏம்மா, உங்க குதிரைக்கே இப்படின்னா, என் ஆளுக்கும் அந்தப் பீச்சாங்கையக் கொஞ்சம் வைங்களேன். கொஞ்ச நாளா அவனும் மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் நடக்கிறான், எம்பொண்டாட்டி மாதிரி."

அன்றைக்கே அக்கா தம்பிக்குப் போன் போட்டாள். "சிலுப்பி ஓடினாடா! நாலு எட்டு! நெஜமா!"

"நெஜமாவாக்கா?" என்றான். அவன் குரல் அப்படிக் கேட்டு எத்தனை காலமாகியிருந்தது.

"வாடா. வந்து பாரு."

"லீவு கெடைக்காதுக்கா," என்றான். அழைப்பு முடிந்த பிறகும் அவள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

எலும்பு சரியாகக் கூடாமல் இரண்டாம் தரம் போட்ட கட்டையும் பிரித்ததும் லாடக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மணிக்கட்டு முழுதாக மடங்கவில்லை, ஆனாலும் அரத்தைப் பிடிக்க முடிந்தது. "இதுவரைக்கும் நீ செஞ்சது போதும் தாயே, நான் நேராக்கிவிடுறேன்" என்று சிலுப்பியின் காலை வாங்கினார். ஆசை ஆசையாகச் சீவினார். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்து, "இது குளம்பு" என்றார்.

மறுநாள் சிலுப்பி குழாயடி வரை வரவில்லை. பாதியிலேயே நின்றாள். எட்டை அளந்து அளந்து வைத்தாள்.

அவர் கடைக்குப் போன நேரத்தில் அக்கா காலைத் தூக்கிப் பார்த்தாள். இடப்பக்கம் உயரம். அடுத்த காலிலும் அதே இடப்பக்கம் உயரம். குதிரை கோணலாக நடந்து தேய்ந்திருந்தால் வலது காலும் இடது காலும் எதிரெதிராகத்தானே தேய வேண்டும் என்று தோன்றியது. நம் செருப்பெல்லாம் அப்படித்தானே, இரண்டும் வெளிப்பக்கம், இல்லையென்றால் இரண்டும் உள்பக்கம். இது இரண்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. காற்று ஒரு பக்கமிருந்தே அடித்த மாதிரி.

நாலு தள்ளுத் தள்ளிச் சரிசெய்துவிட்டு அடுப்படிக்கு வந்தாள். பருப்பைக் கழுவிக்கொண்டே நிமிர்ந்தால் ஜன்னல் ஆணி. ஒரு வருஷமாக அங்கேயே தொங்குகிற இரண்டு லாடம். பிடிதுணியை அதன் மேலேயே மாட்டி மாட்டி எடுத்திருக்கிறாள். இதுவரை அவற்றைப் பார்த்ததில்லை.

எடுத்துக் கொட்டகைத் தரையில், குதிரை நிற்கிற மாதிரியே இடதும் வலதுமாக வைத்தாள். இரண்டிலும் இடப்பக்க இரும்பு தேய்ந்து தகடாகியிருந்தது. வலப்பக்கம் கெட்டியாக இருந்தது. மூலையில் கிடந்த பழைய இரும்புக் குவியலுக்குப் போனாள். ஜோடி ஜோடியாகக் கம்பியில் கோத்துக் கிடந்த மற்றக் குதிரைகளின் பழைய லாடங்களை எடுத்து வந்து வரிசையாக வைத்தாள். மாவு வண்டிக்காரர் குதிரையுடையது, தண்ணீர் வண்டிக் குதிரையுடையது, யார் யாருடையதோ. வேறு வேறு குதிரை, வேறு வேறு பாதை, வேறு வேறு வண்டிக்காரர்கள். எல்லாம் இடப்பக்கமே தேய்ந்திருந்தன. அத்தனைக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஒரு கைதான். குதிரையின் வாலைப் பார்த்து நிற்கிறவருக்கு அதுதான் வலதுகைப் பக்கம். அந்தப் பக்கம் எப்போதும் குறைவாகவே சீவப்பட்டு, உயரமாக நின்று, முதலில் தரையில் மோதித் தேய்ந்திருந்தது.

லாடக்காரர் வெங்காயப் பையோடு உள்ளே வந்தார்.

"என்ன, பழைய இரும்புக்காரன் வந்திருக்கானா?"

அவள் நகர்ந்து நின்றாள். அவர் முதல் ஜோடியைப் பார்த்தார். அடுத்த ஜோடியைப் பார்த்தார். மற்றதை ஓட்டமாகப் பார்த்துக்கொண்டே போய்க் கடைசியில் குந்தி உட்கார்ந்தார். எத்தனை வருஷத் தொழில்! ஒருவர் சொல்லி விளங்க வேண்டியதில்லை அவருக்கு. எழுந்து, கோணம் சரிபார்க்கிற மூலைமட்டத்தை எடுத்துக்கொண்டு, கட்டுப் பிரித்த பிறகு தானே சீவிவிட்டு வெளியே நின்ற மாவு வண்டிக்காரர் குதிரையின் காலைத் தூக்கினார். காலோடு ஒட்டி மட்டத்தை வைத்துக் குனிந்து பார்த்தார். மட்டத்துக்கும் குளம்புக்கும் நடுவே ஒரு பக்கம் இடைவெளி விழுந்திருந்தது. அடுத்த காலிலும் வைத்துப் பார்த்தார். காலை மெதுவாகக் கீழே இறக்கினார்.

"எங்கண்ணுக்கு அது நேராத்தான்மா தெரிஞ்சுது," என்றார். "இத்தனை வருஷமும் நேராத்தான் தெரிஞ்சுது."

"தெரியும்."

"ரோட்ல ஓட்டினது தப்புத்தான். ஆனா அதுல வெடிச்சிருக்காது. நேரா இருந்திருந்தா தாங்கியிருக்கும். நாந்தான்... நான் போயி அந்தப் பையன..." வெங்காயப் பை இன்னும் கையிலேயே இருந்தது. "நாலு பேரு முன்னால வச்சுத் திட்டினேனே."

"நானும் திட்டினேன்."

"நீ என்ன திட்டினே? நாந்தான் திட்டினேன்."

அவருக்கு ஞாபகமில்லை. அக்காவுக்கு இருந்தது. அவள் தரையில் கிடந்த முதல் ஜோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று தம்பி கையில் இருந்தது இந்த ஜோடிதான். இப்படித்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். மாமா, இதைக் கொஞ்சம் பாருங்களேன் என்றான். அவர் பார்த்திருப்பார். கோபக்காரர்தான், ஆனால் இரும்பைக் காட்டினால் பார்க்காமல் இருக்கிறவர் இல்லை. ஒரு நிமிஷத்தில் விளங்கியிருக்கும். அந்த ஒரு நிமிஷத்தை அவரா தடுத்தார்? குனிந்து அந்த ஜோடியை மட்டும் வரிசையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

லாடக்காரரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திட்டியது நாலு பேர் முன்னால் என்றால் ஒத்துக்கொண்டதும் நாலு பேர் முன்னால்தான். மறுநாள் கூட்ஸ் ஷெட் வாசலில் நின்று, "எங்கை கோணல். உங்க குதிரைங்க காலக் கெடுத்தது நான். மச்சான் மேல தப்பில்ல" என்றார். இரண்டு வண்டிக்காரர்கள் அதோடு வேறு கொட்டகைக்குப் போனார்கள். மாவு வண்டிக்காரர், "கோணல்னு தெரிஞ்ச கை நல்ல கைதானய்யா, நான் எங்க போறது" என்று அங்கேயே நின்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு குளம்பும் அவர் பாதி, அவள் பாதி. அவர் வலது கையால் சீவிவிட்டு நகர்வார், அவள் இடது கையால் சீவுவாள், நடுவில் மூலைமட்டம் தீர்ப்புச் சொல்லும்.

தம்பிக்குப் போன் போட்டதும் அவரேதான். "மாப்ள, தப்பு என்னோடதுடா. காலக் கெடுத்தது நாந்தான். நீ இல்ல. மனசுல வச்சுக்காதே, வந்துரு." சொல்லி முடிப்பதற்குள் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். அந்தப் பக்கத்திலிருந்து, "சரி மாமா. பரவால்ல மாமா. உங்க கை எப்படி இருக்கு?" என்று கேட்டது.

அவன் வந்தான். மழை விட்டு வெயில் அடிக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி கொடுத்த கறுப்பு ஷூ, உள்ளே செருகிய சட்டை. கையில் ஒரு பெட்டி பிஸ்கட். ஷூவைக் கழற்றி வாசலில் ஓரமாக, யார் காலிலும் இடறாதபடி வைத்தான். பத்து வயசிலிருந்து வளர்ந்த வீட்டில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"தண்ணி எங்கக்கா வச்சிருக்கே?"

"எங்கயா? எப்பவும் இருக்கிற எடத்துலதான்டா."

"இல்ல, மாத்தியிருப்பியோன்னு..."

முட்டையும் ரொட்டியும் வெங்காயமும் வைத்தாள். அவனுக்குப் பிடித்த மாதிரி ஓரம் முறுகலாகச் சுட்டிருந்தாள். சாப்பிட்டான். நல்லாருக்குக்கா என்றான். முன்பெல்லாம் அவன் நல்லாருக்கு என்று சொன்னதே கிடையாது, அடுத்த ரொட்டிக்குத் தட்டை நீட்டுவான், அவ்வளவுதான்.

கொட்டகையில் சிலுப்பி அவனை மோந்து பார்த்தாள். தோள், கழுத்து, பிஸ்கட் வாசனை அடிக்கிற சட்டைப் பை. பிறகு ஒரு சிலுப்பு. அவன் முகத்தை அவள் நெற்றியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். மாமாவும் அக்காவும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். குனிந்து முன்னங்காலைத் தொட்டதும் அவளாகவே தூக்கிக் கொடுத்தாள். முனையில் ஒரு நகக்கண் அளவுக்கு மட்டும் வெடிப்பு மிச்சமிருந்தது. விரலால் தடவினான்.

"யாரு சீவினது?"

"உங்கக்கா. பீச்சாங்கை," என்றார் லாடக்காரர். "மாப்ள, வண்டி கட்டு. ஒரு சுத்து போய்ட்டு வா."

கட்டினான். சந்து முனை வரை போய்த் திரும்பி வந்தான். குளம்புகள் நாலும் ஒரே சத்தத்தில் விழுந்தன. அக்கா வாசலில் நின்று காதால் கேட்டுக்கொண்டிருந்தாள். இதற்காகத்தானே இத்தனையும். இறங்கியதும் கடிவாள வார்களை ஆணியில் மாட்டுவான், கை கழுவிவிட்டு அடுத்த லோடு எப்போது என்று கேட்பான் என்று எதிர்பார்த்தாள்.

அவன் வார்களை லாடக்காரர் கையில் கொடுத்தான்.

"நல்லா நடக்கிறா மாமா. மாவு வண்டிக்காரரு அப்பவே ரெண்டாவது குதிரை வேணும்னு சொல்லிட்டிருந்தாரே, அவர்கிட்ட விடுங்க. நல்லாப் பார்த்துக்குவாரு."

"நீ?"

"கம்பெனியில என்னை இப்ப நிரந்தரம் பண்ணிட்டாங்க மாமா." சிரித்தான். "லீவு கெடைக்கும்போது வர்றேன்."

லாடக்காரர் வார்களைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். சிலுப்பியை அவிழ்த்துக்கொண்டு போனார்.

டீ குடித்தான். குடித்த டம்ளரை அடுப்படிக்கு எடுத்துப் போய் அவனே கழுவினான். விடுடா என்று அக்கா பின்னால் ஓடினாள். ஜன்னல் பக்கத்தில் இருவரும் நின்றார்கள். அந்த இரண்டு லாடங்களும் திரும்பவும் ஆணியில் தொங்கின. அவள்தான் மாட்டி வைத்திருந்தாள். இதைக் கேட்காமல் விட்டால் செத்தாலும் ஆறாது என்று தெரிந்தது.

"ஏண்டா, அன்னிக்கு இந்த லாடத்தக் கையில வச்சுக்கிட்டு மாமாகிட்ட என்னமோ காட்ட வந்தியே. என்ன சொல்ல வந்தே?"

தம்பி ஆணியைப் பார்த்தான். அக்காவைப் பார்க்கவில்லை.

"எப்பக்கா?"

"போன அன்னிக்கு. நான்தானே வாய மூடுன்னு கத்தினேன். நீ சொல்ல வந்தத நான்தானேடா..."

"ஞாபகமில்லக்கா."

"இல்லடா, ரெண்டையும் சேர்த்து வச்சுப் பார்த்தே. பார்த்துட்டுத்தான்..."

"அதெல்லாம் எங்கக்கா ஞாபகம் இருக்கு? நீ ஒண்ணும் கத்தல. விடு."

கழுவின டம்ளரைத் துண்டால் துடைத்தான். துடைத்துக் கவிழ்த்து வைத்தான். மறுபடி எடுத்துத் துடைத்தான். சின்ன வயதில் சர்க்கரையைத் திருடித் தின்றுவிட்டு, நான் எடுக்கல என்று சொல்லும்போதும் இப்படித்தான் பக்கத்தில் இருக்கிற எதையாவது துடைக்க ஆரம்பிப்பான். அவனுக்குப் பொய் சொல்ல வராது. அவளுக்குத் தெரியும், அவள் வளர்த்தவன். அன்றைக்கே அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, இன்றைக்கும் எல்லாம் ஞாபகமிருக்கிறது. மாமா தான் திட்டியதை மன்னிப்புக் கேட்டுத் திருப்பி வாங்கிக்கொண்டார். அவள் சொன்னதை அவன் திருப்பித் தரவில்லை. சொல்லவே இல்லை என்று சொல்லிவிட்டான்.

ஆமாக்கா, நீயும் அப்படிச் சொன்னியே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பாள். அதற்கு அவன் இடம் கொடுக்கவில்லை. அக்கா மனசு நோகக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னான். அதுவும் அவளுக்குத் தெரிந்தது.

பஸ் நிறுத்தத்தில் படியில் ஏறிக்கொண்டு, "போய்ட்டு வரேன்கா" என்றான். நன்றாக, வாய் நிறையச் சொன்னான்.

திரும்பி வந்தபோது லாடக்காரர் அரத்தையும் மூலைமட்டத்தையும் எடுத்து வைத்திருந்தார். சிலுப்பிக்கு அன்றைக்குச் சீவுகிற நாள். அவர் தன் பாதியை முடித்துவிட்டு நகர்ந்தார். அவள் காலை வாங்கினாள். முனையில் மிச்சமிருந்த வெடிப்பு அரத்தின் நாலாவது தள்ளில் தூளாகி விழுந்தது. அதற்கப்புறம் குளம்பில் எங்கேயும் ஒரு கீறல் இல்லை.

"முடிஞ்சுதும்மா," என்றார் லாடக்காரர். "இனிமே புதுக் குளம்புதான். இறக்கு காலை."

அவள் இறக்கவில்லை. காலைத் தொடைகளுக்கு நடுவே பிடித்தபடியே, வெடிப்பு இருந்த இடத்தைக் கட்டை விரலால் தேடிக்கொண்டிருந்தாள்.